எலி இல்லாத வருஷம்

டைமிர், சோவியத் வடக்கு
14 ஜூன் 1991

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கட்டின அம்சவல்லிதான் எழுதுகிறேன், ஞாபகம் இருக்கிறதா? மாஸ்கோவிலிருந்து இந்த ஒரு வருஷத்தில் பதினோரு கடிதம் போட்டேன். உங்களிடமிருந்து வந்தது மூன்று கார்டு. மூன்றிலும் மழை இல்லை என்று இருந்தது. மூன்று வருஷப் படிப்பா என்று மெட்ராஸ் ஏர்போர்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்களே, அந்த முகம்தான் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தோழர்கள் ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்தபோது "போய்ப் படிச்சிட்டு வா புள்ளே" என்று சொன்னவரும் நீங்கள்தான்.

பாஷை படித்த வருஷம் முடிந்து இப்போதுதான் உண்மையான வேலைக்கு வந்திருக்கிறேன். விமானத்தில் பாதி நாள், அப்புறம் ஹெலிகாப்டர். மரமே கிடையாது. இருக்கிற மரமும் ஒரு சாண் உயரத்தில் தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஒரு முழம் தோண்டினால் கீழே பனிக்கட்டி. சூரியன் மறைவதே இல்லை, அதனால் எப்போது தூங்குவது என்று தெரியாமல் எல்லோரும் எப்போதும் தூங்கி வழிகிறோம். கோடியக்கரை பறவை முகாமில் நீங்களும் நானும் வலையிலிருந்து எடுத்து வளையம் மாட்டி விட்டோமே கொசு உள்ளான், கையில் வைத்தால் கனமே தெரியாத அந்தக் குருவி, முட்டையிட வருவது இங்கேதான். அங்கே சாம்பல் நிறத்தில் பார்த்தது இங்கே செம்மண் நிறமாக மாறி, பாட்டு வேறு பாடுகிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன். ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த வருஷம் எலி அப்படி மண்டிக் கிடக்கிறது. வால் குட்டையான ஒரு வகை எலி, லெமிங் என்கிறார்கள். கால் வைக்கிற இடமெல்லாம் ஓடுகிறது, ரொட்டி மூட்டைக்குள்ளும் இருக்கிறது. எங்கள் தலைவி நீனா என்கிற அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

முகாமில் ஐந்து பேர். தமிழில் பேச ஆளில்லை. நேற்று கூட்டில் உட்கார்ந்திருந்த ஒரு உள்ளானிடம் "எங்க மாமாவைப் பாத்தியா?" என்று சத்தமாகவே கேட்டேன். அது எழுந்திருக்கக்கூட இல்லை.

நிலத்து விசாரணை என்ன ஆயிற்று? அப்பா ஜெயிலுக்குப் போய் அடிபட்டு, குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றி வாங்கிய மூன்று மா நிலம் அது. அவருக்குப் பிறகு என் பெயரில் இருக்கிறது. நான் வந்து நிற்க அந்த மண்தான் இருக்கிறது, மாமா. பவர் பத்திரம் எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தாலுகா கச்சேரியில் கூப்பிட்டால் போய் நில்லுங்கள்.

கோடியக்கரை முகாமில் குளிர்காலத்தில் வலை போடும்போது, எத்தனை பிடித்தீர்கள், அதில் இந்த வருஷத்துக் குஞ்சு எத்தனை என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். என் ஆராய்ச்சியே அதுதான். இங்கே காலம் எப்படி இருந்தது என்பதற்கும் அங்கே வந்து சேரும் குஞ்சுக்கும் என்ன கணக்கு என்று பார்ப்பது. அங்கே குஞ்சையும் கிழட்டையும் பிரித்துப் பார்க்கிற கண் உங்களுக்குத்தான் உண்டு.

அன்புடன்,
அம்சவல்லி


புன்னைக்கொல்லை
11 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அம்சவல்லிக்கு,

உன் கடிதம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. கார்டில் எழுதினால் குறை சொல்கிறாய் என்று இந்த நீலத்தாளை வாங்கி வந்தேன். இதை எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை.

எலிக்கு சந்தோஷப்படுகிற ஊரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இங்கே வரப்பில் ஒரு வளை தெரிந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்த நீனா அம்மாவை ஒரு சம்பா அறுப்புக்கு இங்கே அனுப்பி வை, எலி என்றால் என்ன என்று காட்டுகிறேன். அத்தனை எலிக்கு நடுவில் முட்டை எங்கே தப்பிக்கும்? பாவம் குருவிகள்.

சென்னையில் ஆட்சி மாறிவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். முச்சந்தியில் கறுப்பு சிவப்பு இறங்கி, அண்ணா நிற்கிற கறுப்பு சிவப்பு ஏறியிருக்கிறது. கம்பம் அதேதான். கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. மிராசுதார் துரைராசு மூன்று பக்கத்து நிலத்தையும் இறால் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மண் வெட்டுகிற பெரிய மிஷின் வந்து நிற்கிறது. நம் மூன்று மா நடுவில் மாட்டியிருக்கிறது. குத்தகைக்காரி வெளிநாட்டில் இருக்கிறாள், அவள் சாகுபடி செய்யவில்லை என்று மனுப் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்குப் போனேன், வாய்தா போட்டார்கள். குடும்பத்து ஆள் உழுதால் சட்டப்படி செல்லும் என்று தோழர்கள் சொல்கிறார்கள். நான் குடும்பத்து ஆள்தானே?

ஏர்போர்ட்டில் நான் முகத்தைத் திருப்பியது கோபத்தில் இல்லை. அவ்வளவுதான் எழுத முடியும்.

இராஜாங்கம்


மாஸ்கோ
3 செப்டம்பர் 1991

அன்புள்ள மாமாவுக்கு,

"குடும்பத்து ஆள்தானே" என்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு குறிக்காக உங்களை என்ன செய்வது? உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். கடைசி இரண்டு வரியைக் கூடுதலாக இன்னும் நாலு தடவை.

நாங்கள் மாஸ்கோ திரும்புவதற்குச் சில நாள் முன்னால், ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தெருவில் டாங்கியை நிறுத்தியிருந்தார்களாம். நான் வந்தபோது எல்லாம் முடிந்து, செத்தவர்களுக்குப் பூ வைத்திருந்தார்கள். விடுதியில் வெந்நீர் வரவில்லை என்பதுதான் என் கவலை.

குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. நான் பார்த்த கூடுகளில் முக்கால்வாசியில் குஞ்சு பொரிந்தது. எலி இருந்தும் எப்படி என்று கேட்கிறீர்கள். அது பெரிய கதை, நேரில் வந்து சொல்கிறேன். எழுதினால் பாடம் நடத்துகிறேன் என்பீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கொசு உள்ளானில் பெட்டை முதலில் ஒரு கூட்டில் நான்கு முட்டையிட்டு, அதைச் சேவலிடம் விட்டுவிட்டுப் போய்விடும். வேறிடத்தில் இன்னொரு கூடு போட்டு, அதில் தான் மட்டும் உட்காரும். அது ஒரு கூட்டில், இது ஒரு கூட்டில், தனித்தனியாக. நீனா அம்மா இதைச் சொன்னபோது எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை.

விடுதி ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். சாம்பாருக்கும் ஆசை இல்லை, ஒன்றுக்கும் ஆசை இல்லை, யாராவது "ஏ அம்சா" என்று வாசலில் நின்று கூப்பிட்டால் போதும் என்று இருக்கிறது.

அம்சவல்லி


புன்னைக்கொல்லை
8 டிசம்பர் 1991

அன்புள்ள அம்சாவுக்கு,

அம்சா என்று எழுதிவிட்டேன். வாசலில் நின்று கூப்பிட்டதாக வைத்துக்கொள்.

அந்தச் சேவல் பறவையை நான் தப்பாகச் சொல்லமாட்டேன். விட்டுவிட்டுப் போன கூட்டைப் பார்த்துக்கொள்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

கணக்கு இதோ. முகாமில் நானும் வலைக்கார அல்லா பிச்சை அண்ணனும் பதினெட்டு நாள் வலை போட்டோம். பிடித்தது முந்நூற்று நாற்பத்தொன்று. அதில் இந்த வருஷத்துக் குஞ்சு நூற்று இருபத்தாறு. மூன்றில் ஒன்றுக்கு மேல்! இத்தனை குஞ்சை நான் கண்டதே இல்லை. இறக்கைச் சிறகில் அந்த வெளுத்த ஓரம் பார்த்துப் பார்த்துக் கண் வலித்துவிட்டது. ஒவ்வொன்றின் எடையும் வளைய நம்பரும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டில் எனக்குச் சந்தேகம் வந்து, குஞ்சு என்றே போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு அண்ணன் திட்டினார். "ராசாங்கம், அந்தப் புள்ளை அவ்வளவு தூரத்துல உக்காந்து இதை நம்பிக்கிட்டு இருக்கு. தெரியலைன்னா தெரியலைன்னு எழுது." அந்த இரண்டையும் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. பயிர்க் கணக்கு அடங்கல் எழுத கிராம அலுவலர் வந்தார். என் நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, "உள்ளான், உள்ளான்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கே, யாருய்யா உள்ளான்? எங்கே உள்ளான்?" என்றார். குருவி சார் என்றேன். நம்பவில்லை. ஏதோ தலைமறைவு ஆள் கணக்கு என்று நினைத்துக்கொண்டு போனார்.

நம் ஊர் இப்போது தஞ்சாவூர் ஜில்லா இல்லை, நாகப்பட்டினம் புது ஜில்லாவாகிவிட்டது. நம் கேஸ் கட்டு எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பக்கமும் இறால் குட்டை வெட்டிக் கடல் தண்ணீரை ஏற்றிவிட்டார்கள். மேற்கு வரப்போரம் பயிர் மஞ்சளடிக்கிறது. கசிவுதான். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வருஷக் கணக்குதான் கிடைத்துவிட்டதே. வந்துவிடேன்.

இராஜாங்கம்


மாஸ்கோ
20 ஜனவரி 1992

அன்புள்ள மாமாவுக்கு,

நூற்று இருபத்தாறு! நான் கத்தியதில் பக்கத்து அறைக்காரி ஓடிவந்துவிட்டாள். நீனா அம்மா உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று போட்ட அந்த இரண்டையும் காட்டி, "இந்த மனிதரை நான் நம்புகிறேன்" என்றார். உங்கள் அல்லா பிச்சை அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்.

இங்கே நான் வந்து இறங்கிய நாடு இப்போது இல்லை. போன மாதம் கொடியை இறக்கிவிட்டார்கள். பால் வாங்க இரண்டு மணி நேரம் நிற்கிறேன். கூடப் படித்த இந்தியப் பிள்ளைகள் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

வந்துவிடேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தேன். ஆனால் ஒரு வருஷத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மாமா. இன்னொரு கோடை போக வேண்டும், இன்னொரு குளிர்காலம் நீங்கள் எண்ண வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு. இப்போது வந்தால் பாதியில் வந்தவள் என்ற பெயர்தான் மிச்சம்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். மேற்கு வரப்பு என்ன ஆயிற்று? உப்பு ஏறினால் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சும்மா இருந்திருக்கமாட்டார்.

அம்சவல்லி


புன்னைக்கொல்லை
22 மார்ச் 1992

அம்சவல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நிலம் நன்றாக இருக்கிறது. விசாரணை தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்காதே, இருந்தால் சொல்லமாட்டேனா?

உன் இஷ்டப்படி இருந்து முடித்துவிட்டு வா.

இராஜாங்கம்


டைமிர்
9 ஜூலை 1992

அன்புள்ள மாமாவுக்கு,

ஹெலிகாப்டர் வந்து நிற்கிறது, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். அதற்குள் எழுதுகிறேன்.

மார்ச்சில் நீங்கள் போட்ட கடிதம் சுருக்கென்று இருந்தது. நான் வராததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை.

இந்த வருஷம் பனி உருக இரண்டு வாரம் தாமதம். போன வருஷம் மண்டிக் கிடந்த எலி இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை, மருந்துக்கும் இல்லை. அறுபத்து மூன்று கூடு கண்டுபிடித்து அடையாளக் குச்சி நட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் முட்டை இருக்கிறது. விமானி கூப்பிடுகிறார். நவம்பரில் எண்ண மறக்க வேண்டாம், இந்த வருஷக் கணக்குதான் முக்கியம். பயிர் எப்படி

அம்சா


புன்னைக்கொல்லை
29 நவம்பர் 1992

அன்புள்ள அம்சாவுக்கு,

நலம், நலமே. இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் நல்ல மழை. சம்பா நட்டு ஐம்பது நாள் ஆகிறது, வயல் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. காலையில் வரப்பில் நடந்தால் காலெல்லாம் நனைந்துபோகிறது. மேற்கு வரப்பை உயர்த்திக் கட்டிவிட்டேன், கசிவு நின்றுவிட்டது. இறால் கம்பெனிக்காரர்களும் முன்போல் தொந்தரவு செய்வதில்லை. உன் அப்பா இருந்தால் பார்த்துப் பூரித்துப்போவார்.

நீ கேட்ட கணக்கு. பிடித்தது முந்நூற்றுப் பத்து. குஞ்சு நூற்று ஐம்பத்திரண்டு. பாதிக்குப் பாதி! எதிர்பார்த்ததுதான். எலித் தொல்லை இல்லாத வருஷம் அல்லவா, குஞ்சுகள் கொழித்திருக்கின்றன. முட்டையைக் கடிக்க எலி இல்லையென்றால் அப்புறம் என்ன? உன் அறுபத்து மூன்று கூடும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

இதை வைத்துச் சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடு. இங்கே எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

உன்
இராஜாங்கம்


மாஸ்கோ
6 ஜனவரி 1993

மாமா,

பாடம் நடத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நேரில் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்ட அந்த எலிக் கதையை இப்போது எழுதுகிறேன்.

அந்த எலி முட்டையைத் தொடாது. புல்லும் பாசியும் தின்று பிழைக்கிற ஜீவன் அது. டைமிரில் நரி இருக்கிறது, பெரிய வெள்ளை ஆந்தை இருக்கிறது. எலி மண்டுகிற வருஷத்தில் அவற்றுக்கு வயிறு நிறைய எலி. பறவைக் கூட்டை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. குஞ்சுகள் பிழைத்துவிடும். எலி செத்துப்போன வருஷத்தில் நரிக்கு வேறு தீனி இல்லை. கூடு கூடாகத் தேடி வரும். எலி இருந்தால்தான் குஞ்சு இருக்கும், மாமா. எலி இல்லாத வருஷம்தான் பஞ்ச வருஷம்.

அந்தக் கடிதத்தை ஹெலிகாப்டரில் அனுப்பியபோது அறுபத்து மூன்று கூட்டிலும் முட்டை இருந்தது. பத்து நாள் கழித்து நாற்பதில் இல்லை. ஜூலை கடைசியில் நான் ஒவ்வொரு குச்சியாகப் போய்ப் பார்த்தேன். கடைசியாக ஒன்றில் மட்டும் ஒரு பெட்டை உட்கார்ந்திருந்தது. நான் அதன் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நரியை விரட்டினேன். அப்படிச் செய்யக்கூடாது, ஆராய்ச்சிக்கு விரோதம், நீனா அம்மா கண்டித்தார். மறுநாள் போனேன். ஓடுகூட இல்லை. அறுபத்து மூன்றில் ஒரு குஞ்சும் பிழைக்கவில்லை.

எங்கள் இடத்தில் மட்டும்தான் இப்படியோ என்று கேட்டுப் பார்த்தேன். வடக்கில் வேலை செய்த மற்ற முகாம்களும் இதையேதான் சொல்கின்றன.

அப்படியானால் நூற்று ஐம்பத்திரண்டு குஞ்சு எங்கிருந்து வந்தது?

முதலில் உங்கள் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. சிறகோரம் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்த கண் அது. அப்புறம்தான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். எடை இல்லை. வளைய நம்பர் இல்லை. அல்லா பிச்சை அண்ணன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நீனா அம்மா மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உன் கணவர் கதை எழுதுவாரா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் வலை போடவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எலி இல்லையென்றால் விளைச்சல் என்று வயல்காரன் புத்தியில் எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கே பொய்யென்றால் அதே தாளில் இருக்கிற பச்சைப் பசேல் வயல் மட்டும் எப்படி நிஜமாக இருக்கும்? நீங்கள் எனக்குப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பொய் சொல்லும்படி என்ன நடந்தது?

நிலம் எங்கே, மாமா?

அம்சவல்லி


புன்னைக்கொல்லை
24 பிப்ரவரி 1993

அம்சாவுக்கு,

நிலம் இல்லை.

போன வருஷம் மாசி மாதம் போய்விட்டது. நான் சுருக்கமாக எழுதிய அந்தக் கடிதத்துக்கு முந்தைய மாதம். உப்பு ஏறி மூன்று மாவும் கருகியது. நம்மைப் போல் இன்னும் பதினான்கு குடும்பம். எல்லோரும் போய் மண் மிஷினுக்கு முன்னால் படுத்தோம். மிஷினைக் கொளுத்தப் பார்த்தோம் என்று கேஸ் போட்டார்கள். யாரும் கொளுத்தவில்லை, உன் மேல் சத்தியம். பதினோரு நாள் உள்ளே இருந்தேன். எட்டாம் நாள் துரைராசுவின் மேனேஜர் வந்தான். "உன் பொண்டாட்டி பவர் குடுத்திருக்காள்ல? நிலத்தை ஒப்படைச்சிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ. இல்லே, நீ உள்ளேயே கிட, அவ அங்கேயே இருக்கட்டும்" என்றான். மூன்று நாள் முடியாது என்றேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். பிறகு போட்டேன். பத்திரத்தில் "அம்சவல்லிக்காக" என்று எழுதி, கீழே என் பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அன்றிலிருந்து "அம்சவல்லிக்காக" என்கிற அந்த வார்த்தையை எந்தத் தாளிலும் என்னால் எழுத முடியவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இப்போது என்ன வேலை என்று கேட்பாய். இறால் பண்ணையில்தான். நம் நிலம் இருந்த இடத்தில் நாலாம் நம்பர் குட்டை. பறவை வந்து இறாலைத் தின்னாமல் கரையில் நின்று தகரம் அடிப்பது என் வேலை. பகல் முழுக்க அடிக்கிறேன். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் என்னைக் கண்டால் எழும்பிப் போகின்றன. ஒரு நாள் உள்ளான் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. அது இறால் தின்னாது. ஆனால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இதெல்லாம் செய்துவிட்டு முகாமுக்குப் போய் எந்த முகத்தோடு வலை பிடிப்பது? அல்லா பிச்சை அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினார். போகவில்லை. உனக்குக் கணக்கு வேண்டுமே என்று உட்கார்ந்து யோசித்தேன். போன வருஷத்துத் தாளைப் பார்த்து, எலி இல்லாத வருஷம்தானே, கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று போட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். அதே கையோடு வயலையும் எழுதினேன். எழுதும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிஜமாகவே வரப்பில் நடப்பது மாதிரி இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். "மொதல்ல வலையைப் பிரி" என்றார். ஆறு நாள் பண்ணைக்குப் போகவில்லை. எண்பத்தேழு பிடித்தோம். மாசியில் சிறகு தேய்ந்திருக்கும், ஓரம் பார்ப்பது கஷ்டம். அதனால் ஒவ்வொன்றையும் நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை பார்த்தோம். குஞ்சு ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்று போடவும் ஒன்றும் இல்லை. எல்லாம் கிழடு. எடையும் நம்பரும் உள்ளே வைத்திருக்கிறேன். 1991 கணக்கு முழுக்க உண்மை. அதில் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை.

உன் அப்பா வாங்கிய மண்ணை நான் விட்டுவிட்டேன். நீ வந்து நிற்க இடம் இல்லாமல் செய்துவிட்டேன். வா என்று எழுத எனக்கு வாய் இல்லை.

இராஜாங்கம்


மாஸ்கோ
30 மார்ச் 1993

மாமா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். எண்பத்தேழு பறவையின் நம்பர் உள்ளே இருந்ததால் கிழிக்கவில்லை.

நீனா அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நூற்று ஐம்பத்திரண்டை அவர் அடித்துவிட்டு உங்கள் எண்பத்தேழுக்குப் பக்கத்தில் சைபர் போட்டார். தாமதமாகப் பிடித்தது என்று குறிப்பும் எழுதினார். ஒரு வருஷம் மூன்றில் ஒன்று, மறு வருஷம் ஒன்றுமில்லை. இதற்குத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன். என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்தான். இருக்கிறது. அப்பா போட்டிருக்கமாட்டார். ஆனால் அப்பா ஜெயிலுக்குப் போனபோது வாசலில் அம்மா நின்றாள். உள்ளேயிருந்து வீடு திரும்பியபோது உங்களுக்கு வாசலில் யாரும் இல்லை. அதை நினைக்கிறபோது என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் வேறு. பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு வரி இல்லை. ஒரு வருஷமாக நான் இங்கே பால் வரிசையில் நின்றுகொண்டு, நாற்று விட்டிருப்பார், நட்டிருப்பார், கதிர் வாங்கியிருக்கும் என்று இல்லாத வயலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே நீங்கள் தனி, இங்கே நான் தனி. "அம்சவல்லிக்காக" என்று எழுதிக் கொடுத்தீர்கள், அம்சவல்லிக்கு எழுதவில்லை.

வா என்று எழுத வாய் இல்லை என்கிறீர்கள். நான் கேட்கவும் இல்லை. மே இருபத்தாறாம் தேதி மெட்ராஸ் வருகிறேன். அங்கிருந்து எனக்கு வழி தெரியும், அழைத்துப் போக வர வேண்டாம். பண்ணை வேலையை விடுங்கள் என்று இங்கிருந்து உத்தரவு போடமாட்டேன். அந்தக் கரையில் நானும் வந்து ஒரு நாள் நின்று பார்க்கிறேன், அப்புறம் பேசலாம்.

வந்த பிறகு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கேட்பேன். சோறு போடும்போது கேட்பேன், துணி காயப்போடும்போது கேட்பேன், எட்டாம் நாள் என்ன நடந்தது, ஒன்பதாம் நாள் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்பேன். நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

அம்சா